திரை இருண்டால் குற்றம் கார்டுடையதுதானா?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே மெய்ப்புத் திருத்தும் வேலை செய்கிறேன். என்னுடையது நான்கு ஆண்டுகளாக உழைக்கும் டெஸ்க்டாப், தனி கிராபிக்ஸ் கார்டு உண்டு, மானிட்டர் எச்.டி.எம்.ஐ. கேபிளில் இணைந்திருக்கிறது. மேசையைச் சன்னலோரம் நகர்த்திப் போட்ட சில நாட்களில் திரை திடீரென இருண்டு, இரண்டு மூன்று விநாடிகளில் திரும்பி வரத் தொடங்கியது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அது நிற்பதில்லை. சில காலை நேரங்களில் எழுத்துகள் பெரிதாகிவிடுகின்றன. ரெசல்யூஷனை, அதாவது திரையின் புள்ளி அளவை, 1024 × 768க்கு மேல் வைக்க முடிவதில்லை. கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயருக்கு அருகே மஞ்சள் முக்கோணமும், திறந்து பார்த்தால் ‘கோட் 43’ என்ற குறிப்பும் இருக்கின்றன. பழுது பார்ப்பவர் விண்டோஸை மீண்டும் நிறுவித் தந்தார். இரண்டு நாள் ஒழுங்காக இருந்தது, பிறகு பழையபடி ஆகிவிட்டது. இப்போது, “கார்டு போய்விட்டது, புதியது வாங்குங்கள்” என்கிறார். வாங்கிவிடலாமா? என் கோப்புகளுக்கு ஆபத்து உண்டா? விண்டோஸ் மாற்றியதிலிருந்து வெப் கேமராவும் கறுப்பாகவே தெரிகிறது. அதற்கும் இதுதான் காரணமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கோப்புகளைப் பற்றிய கவலையை முதலில் தீர்த்துவிடுகிறேன். உங்கள் கோப்புகள் இருப்பது டிஸ்கில். கிராபிக்ஸ் கார்டு பழுதானால் அவை அழிவதில்லை. ஆனால் திரை இருண்டதும் பதற்றத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைத்தால், அப்போது திறந்திருக்கும், இன்னும் சேமிக்காத வேலை போய்விடும். திரை இருண்டிருக்கும்போதும் கீபோர்டு பெரும்பாலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். ஆகவே கன்ட்ரோலையும் எஸ்ஸையும் அழுத்திச் சேமித்துவிட்டு, படம் திரும்பும் வரை காத்திருங்கள். திரும்பவில்லை என்றால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு ஆங்கில B எழுத்தை அழுத்துங்கள். கார்டை இயக்கும் ‘டிரைவர்’ என்ற மென்பொருளை மட்டும் விண்டோஸ் மறுபடி தொடங்கும், திறந்திருக்கும் ஆவணங்களுக்கு ஒன்றும் ஆகாது. கீழே சொல்லும் எதையும் தொடங்குவதற்கு முன் உங்கள் வேலைக் கோப்புகளை வெளி டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.

கார்டை இப்போது வாங்காதீர்கள். பழுது பார்த்தவர் சொல்வது தவறு என்று நான் சொல்லவில்லை. அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள அடையாளங்களில் ஒன்றுகூட ‘கார்டு மட்டுமே’ என்று கைகாட்டவில்லை. படம் கார்டில் உருவாகி, கேபிள் வழியாகப் போய், மானிட்டரில் தெரிகிறது. கார்டை இயக்குவது டிரைவர். இந்த நான்கில் எது தடுக்கினாலும் பார்ப்பவருக்குத் தெரிவது ஒரே இருட்டுதான். எந்த இடத்தில் தடுக்குகிறது என்று தெரிந்த பிறகுதான் எதையும் மாற்ற வேண்டும்.

‘கோட் 43’ என்ற எண்தான் பலரையும் கார்டு வாங்க வைக்கிறது என்பதால் அதைச் சற்று விளக்குகிறேன். ஒரு சாதனம் தன்னிடம் கோளாறு இருப்பதாக விண்டோஸுக்குத் தெரிவித்தது, அதனால் விண்டோஸ் அதை நிறுத்தி வைத்துவிட்டது. அந்த எண்ணுக்கு இவ்வளவுதான் பொருள். கோளாறு சாதனத்துக்குள் இருக்கிறதா, அதன் டிரைவரில் இருக்கிறதா, அதற்குப் போகும் மின்சாரத்தில் இருக்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது. இதே 43 பென் டிரைவுக்கும் வெப் கேமராவுக்கும்கூட வரும், யு.எஸ்.பி. முனை சரியாகப் பொருந்தாவிட்டாலே சில நேரம் வந்துவிடும். ஆகவே அதைக் கார்டின் இறப்புச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் உங்களுக்கு வந்துள்ள இரண்டு தொல்லைகள் (திரை இருளுவதும் எழுத்துகள் பெரிதாவதும்) உண்மையில் ஒன்றாகவே இருக்கலாம் என்பதை அந்த எண் காட்டுகிறது. கார்டை விண்டோஸ் நிறுத்திவிட்டால், படம் காட்டுவதற்கு மைக்ரோசாஃப்ட்டின் அடிப்படை டிரைவரை நம்பியிருக்க வேண்டியதாகிவிடும். அது படத்தைக் காட்டுமே தவிர, உங்கள் மானிட்டருக்கு உரிய ரெசல்யூஷனைப் பெரும்பாலும் தராது, எழுத்துகள் பெரிதாகிவிடும். இதே விளைவு வேறொரு வழியிலும் வரும். ஒவ்வொரு மானிட்டரும் தன் பெயரையும் தன்னால் காட்ட முடிந்த அளவுகளையும் கேபிள் வழியாகவே கணினிக்குச் சொல்கிறது, எச்.டி.எம்.ஐ. முனையில் உள்ள 19 தொடர்புகளில் 15, 16 ஆகிய இரண்டும் அந்தச் செய்திக்கு உரியவை. அவற்றில் ஒன்று ஒழுங்காகத் தொடாவிட்டாலும் எந்த மானிட்டர் என்று கணினிக்குத் தெரியாது. தெரியாதபோது 1024 × 768 போன்ற பொது அளவோடு அது நின்றுவிடும். இரண்டில் எது என்று கண்டுபிடிப்பது எளிது. எழுத்துகள் பெரிதாகிற காலையில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’, ‘மானிட்டர்ஸ்’ ஆகிய இரண்டு வரிகளையும் விரித்துப் பாருங்கள். முதலாவதில் மஞ்சள் முக்கோணமோ ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்ற பெயரோ இருந்தால் வழக்கு கார்டின் பக்கம் போகிறது. முக்கோணம் இல்லாமல், இரண்டாவதில் ‘ஜெனரிக் நான் பி.என்.பி. மானிட்டர்’ என்று மட்டும் இருந்தால் கேபிளைச் சந்தேகியுங்கள்.

விண்டோஸை மீண்டும் நிறுவியதும் இரண்டு நாள் நன்றாக இருந்ததே, அதனால் சாஃப்ட்வேர்தான் காரணமோ என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அந்த இரண்டு நாளும் எந்த டிரைவர் ஓடியது என்று தெரியாமல் அதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. புதிதாக நிறுவிய விண்டோஸ் சில நேரம் அடிப்படை டிரைவரோடு கிடக்கும். அப்போது கார்டின் கடினமான வேலைகள் எதுவும் நடப்பதில்லை, ஆகவே பழுதான கார்டுகூட அமைதியாக இருக்கும். பிறகு அப்டேட் வழியே உண்மையான டிரைவர் வந்து சேர்ந்ததும் பழைய கோளாறு வெளிப்படும். டிரைவர் கெட்டிருந்தாலும் இதே வரிசையில்தான் நடக்கும். அந்த இரண்டு நாளும் எழுத்துகள் எந்த அளவில் இருந்தன என்பது நினைவிருந்தால் எழுதுங்கள். பெரிதாக இருந்திருந்தால் அடிப்படை டிரைவர்தான் ஓடியிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு செய்தி: மேசையை நகர்த்திய பிறகுதான் எல்லாம் தொடங்கியது. நான்கு ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய கணினி இடம் மாறிய வாரத்தில் கெடுகிறது என்றால், இடம் மாறும்போது எது அசைந்தது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அசையக்கூடியவை இரண்டு: ஒன்று கேபிள், மற்றொன்று மதர்போர்டின் ஸ்லாட்டில் (கார்டு செருகும் நீண்ட துளையில்) அமர்ந்திருக்கும் கார்டு. தொழிலுக்கு வந்த புதிதில் இதே போன்ற ஒரு கணினிக்கு நான் கார்டை மாற்றிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அதே இருட்டு திரும்பியது. மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தபோது கேபிளின் முனை சுவரில் முட்டி வளைந்திருந்தது. கழற்றி விளக்கொளியில் பார்த்தால் உள்ளே ஒரு தகடு பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது. அந்த வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டு, பழைய கார்டையே பொருத்திக் கொடுத்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று முதல் கேபிளை மாற்றிப் பார்க்காமல் கார்டில் கை வைப்பதில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. முதல் ஒரு நாள் எதையும் கழற்ற வேண்டாம். கவனிப்பது மட்டும் போதும். மெய்ப்புத் திருத்துபவரான உங்களுக்கு இது கைவந்த வேலை. திரை இருளும் அந்த நொடியில் தட்டச்சு செய்வதை நிறுத்தாமல் ஒரு வரியை அடித்துக்கொண்டே இருங்கள். படம் திரும்பியதும் இருட்டில் அடித்த எழுத்துகள் ஒன்றுவிடாமல் அங்கே இருந்து, இருளுவதற்கு முன் மவுஸ் அம்புக்குறியும் உறையாமல் நகர்ந்துகொண்டிருந்திருந்தால், கணினி ஒரு கணமும் தடுமாறவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். படம் மானிட்டருக்குப் போகும் வழியில்தான் அறுந்திருக்கிறது. மாறாக, முதலில் அம்புக்குறி அசையாமல் நின்று, பாட்டு மட்டும் தொடர்ந்து, பிறகு திரை இருண்டு திரும்பினால், கார்டு பதில் சொல்லாமல் போயிருக்கிறது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் ஓர் ஏற்பாடு உண்டு: கார்டிடம் கொடுத்த வேலைக்கு 2 விநாடிக்குள் பதில் வராவிட்டால் டிரைவரை அதுவே நிறுத்தி மறுபடி தொடங்கும். அப்படி மீண்டு வந்ததற்கான பதிவு, விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘சிஸ்டம்’ பகுதியில் 4101 என்ற எண்ணோடு இருக்கும். திரை இருளும் நேரத்தை ஒவ்வொரு முறையும் தாளில் குறித்து வையுங்கள். மாலையில் அந்தப் பதிவுகளின் நேரத்தோடு ஒப்பிடுங்கள். நேரங்கள் ஒத்துப்போனால் கார்டு அல்லது டிரைவர். 4101 ஒன்றுகூட இல்லை என்றால் கேபிளையும் மானிட்டரையும் பார்க்க வேண்டும்.

திரை இருண்டிருக்கும்போது மானிட்டரையும் கவனியுங்கள். ‘சிக்னல் இல்லை’ என்ற எழுத்து தோன்றினாலோ, மானிட்டரின் சொந்த மெனு பட்டனை அழுத்தும்போது மெனு எழுந்தாலோ, அதன் திரையும் பின்விளக்கும் நலமாக இருக்கின்றன. மெனு எழவில்லை என்பதற்காக மட்டும் மானிட்டர் மேல் பழி போட வேண்டாம். சிக்னலைத் தேடும் நேரத்தில் மெனுவையும் மறைத்துவிடும் மானிட்டர்கள் உண்டு. சந்தேகம் தீர வேண்டுமானால் வேறொரு லேப்டாப்பை அதே மானிட்டரில், அதே கேபிளில் அரை நாள் இணைத்து வையுங்கள். அங்கும் இருண்டால் உங்கள் கணினிக்கு இதில் பங்கில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கேட்டால் நம்புவதற்குக் கடினமாக இருக்கும்: வாயு விசையால் ஏறி இறங்கும் நாற்காலியிலிருந்து எழும்போதோ உட்காரும்போதோ உண்டாகும் நிலைமின்சாரம் கேபிளில் குறுக்கிட்டு, திரையை ஓரிரு விநாடி இருளச் செய்வதுண்டு. நீங்கள் எழும் நேரத்தில் மட்டும் இருளுகிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாம் நாள் கேபிள். இரு முனைகளையும் கழற்றி, உள்ளே தகடுகள் நேராக இருக்கின்றனவா என்று டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, முடிந்தால் வேறொரு குட்டையான கேபிளைப் போடுங்கள். கார்டில் இரண்டாவது எச்.டி.எம்.ஐ. அல்லது டிஸ்ப்ளே போர்ட் இருந்தால் அதிலும், மானிட்டரின் வேறு உள்ளீட்டிலும் முயன்று பாருங்கள். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடும். உங்களுடையது 4கே மானிட்டர் என்றால் கேபிளின் தரம் இன்னும் முக்கியமாகிறது. எச்.டி.எம்.ஐ. 1.4 இணைப்பு 4கே படத்தை விநாடிக்கு 30 முறைதான் கொண்டு செல்லும். 60 முறைக்கு 2.0 வேண்டும், அதற்கு விநாடிக்கு 18 ஜிகாபிட் வேகத்தைத் தாங்கும் கேபிள் வேண்டும். பழைய கேபிள் அந்த விளிம்பில் நின்று தடுமாறும்போது சரியாக இப்படித்தான் இருண்டு திரும்பும். ரெஃப்ரெஷ் ரேட்டை (விநாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பதை) அல்லது ரெசல்யூஷனைக் குறைத்துவிட்டு அரை நாள் வேலை பாருங்கள். இருளுவது நின்றால் கேபிள்தான் காரணம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கேபிளில் பிழை இல்லை என்றானால், அடுத்தது கார்டை ஒருமுறை கழற்றி மறுபடி அமர்த்துவது. இதை நிதானமாகச் செய்தால் நீங்களே செய்யலாம். விண்டோஸை முறையாக அணைத்து, சுவரிலிருந்து பிளக்கை உருவி, பிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே மிஞ்சியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டை நிமிர்ந்த நிலையிலேயே திறங்கள். அதன் உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால் உங்கள் உடலிலுள்ள நிலைமின்சாரம் போர்டுக்குப் போகாது. கார்டைத் தொடுவதற்கு முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள்: கார்டின் வெளி விளிம்பு கீழ்நோக்கித் தொங்கியிருக்கும் வகையில் ஸ்லாட்டின் ஒரு முனையில் தகடு மேலே எழும்பித் தெரிகிறதா? கனமான கார்டுகள் ஆண்டுக்கணக்கில் தங்கள் எடையாலேயே சற்றுத் தொங்கிவிடும். அந்த நிலையில் கேபினெட்டை இழுத்து நகர்த்தினால் ஒரு மில்லிமீட்டர் விலகுவதற்கு அதிக நேரம் ஆகாது. அந்த விலகல் போதும், கார்டு சில காலைகளில் எழும், சில காலைகளில் எழாது.

இனி கேபினெட்டைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, பின்பக்கத் திருகைக் கழற்றி, ஸ்லாட்டின் கடைசியில் உள்ள சிறு பூட்டை அழுத்திக்கொண்டே கார்டை நேராக மேலே இழுக்க வேண்டும். பூட்டை விடுவிக்காமல் இழுத்தால் ஸ்லாட்டே உடைந்து வந்துவிடும். இந்த இடத்தில் அவசரப்பட்டு மதர்போர்டை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கார்டின் பொன்னிற விளிம்பை ரப்பரால் தேய்க்கும் பழக்கம் எங்கள் தொழிலில் பரவலாக உண்டு. நான் அதைச் செய்வதில்லை. ரப்பர் அந்த மெல்லிய பூச்சை அரிக்கிறது, துகள்கள் ஸ்லாட்டுக்குள் விழுகின்றன. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் ஒருமுறை துடைத்து உலரவிட்டால் போதும். மறுபடி செருகும்போது இரண்டு முனைகளிலும் சமமாக அழுத்துங்கள். பூட்டு ‘கிளிக்’ என்று விழும் ஓசை கேட்க வேண்டும். கார்டுக்குத் தனியாக வரும் மின் இணைப்பையும் கழற்றி மீண்டும் மாட்டுங்கள். ஸ்லாட் தரும் மின்சாரம் அதிகபட்சம் 75 வாட். 6 ஊசி இணைப்பு இன்னொரு 75 வாட்டும், 8 ஊசி இணைப்பு 150 வாட்டும் தரும். அந்த இணைப்பு அரைகுறையாகச் செருகியிருந்தால் கார்டு பசியோடு வேலை செய்யும், வேலை கூடும் நேரத்தில் விழும். பவர் சப்ளை பெட்டியையும் மானிட்டரையும் மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் அளவு மின்னழுத்தம் உள்ளே தங்கியிருக்கலாம்.

கார்டை வெளியே எடுத்திருக்கும் அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். மதர்போர்டின் பின்புறத்தில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்து, உங்கள் பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் வசதியும் இருந்தால் (எல்லாப் பிராசஸரிலும் இருக்காது), மானிட்டரை அங்கே இணைத்து, கார்டு இல்லாமலே இரண்டு நாள் வேலை பாருங்கள். மெய்ப்புத் திருத்த அது தாராளமாகப் போதும். அந்த இரண்டு நாளும் ஒருமுறைகூட இருளாவிட்டால் கேபிளும் மானிட்டரும் குற்றமற்றவை என்று நிரூபணமாகிவிட்டது. உங்கள் வேலைக்குத் தனிக் கார்டே தேவையில்லை என்றும் அப்போது உங்களுக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றினால் அதையே தீர்வாக வைத்துக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை.

கார்டை மறுபடி பொருத்தியும் 43 வந்தால் டிரைவரைச் சுத்தமாக மாற்றிப் பார்க்க வேண்டும். கார்டுத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் கார்டின் சரியான மாடலுக்குரிய டிரைவரை முன்னதாகவே இறக்கி வைத்துக்கொண்டு, இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் (விண்டோஸ் மிகக் குறைந்த டிரைவர்களோடு எழும் நிலையில்) நுழைந்து, ‘டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்’ என்ற இலவச மென்பொருளால் பழையதைத் தடயமின்றி நீக்கி, பிறகு இறக்கியதை நிறுவுங்கள். இணையத்தைத் துண்டிக்கச் சொல்வதற்குக் காரணம், நீக்கிய கணமே விண்டோஸ் அப்டேட் தன்னிடமுள்ள டிரைவரை இடையில் நுழைத்துவிடும் என்பதுதான். மிகப் புதிய டிரைவர்தான் சிறந்தது என்ற கட்டாயம் இல்லை; சில மாதம் பழைய ஒன்றையும் முயன்று பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் 43 நிற்காவிட்டால், பழுது பார்த்தவரிடம் போங்கள். ஆனால் இரண்டு சோதனைகளை உங்கள் கண்ணெதிரே செய்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் கார்டை வேறொரு நல்ல கணினியில் பொருத்த வேண்டும். வேறொரு நல்ல கார்டை உங்கள் கணினியில் பொருத்த வேண்டும். உங்கள் கார்டு அங்கேயும் விழுந்து, அவருடைய கார்டு இங்கே ஒழுங்காக ஓடினால், கார்டு உண்மையாகவே போய்விட்டது. அவருடைய கார்டும் இங்கே விழுந்தால் பவர் சப்ளையையோ ஸ்லாட்டையோ பார்க்காமல் நீங்கள் வாங்கும் புதிய கார்டும் அதே கதிக்கு ஆளாகும். கணினி எழும்போதே, தயாரிப்பாளரின் சின்னம் தோன்றும் முதல் திரையிலேயே வண்ணப் புள்ளிகளோ கோடுகளோ விழுந்தால், விண்டோஸும் அதன் டிரைவரும் அப்போது இன்னும் வரவில்லை என்பதால் அது வன்பொருள் கோளாறு. வேலை நடுவே கோடுகள் தெரிந்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு கருவியில் திறந்து பாருங்கள். அங்கும் கோடு தெரிந்தால் படம் கார்டிலேயே கெட்டு உருவாகிறது, தெரியாவிட்டால் பெரும்பாலும் கேபிளிலோ மானிட்டரிலோ கெடுகிறது. கார்டைச் சூடான அடுப்பில் வைத்து ‘உயிர்ப்பிக்கும்’ வித்தையை யாராவது சொன்னால் செய்ய வேண்டாம். சிலநாள் ஓடினாலும் மறுபடி விழும், எழும் புகையும் நல்லதல்ல.

வெப் கேமராவுக்கும் கார்டுக்கும் தொடர்பில்லை. விண்டோஸைப் புதிதாக நிறுவியபோது கேமரா அனுமதிகள் தொடக்க நிலைக்குப் போயிருக்கலாம். செட்டிங்ஸில் ‘பிரைவசி’ பகுதிக்குள் கேமராவைத் திறந்து, நீங்கள் பயன்படுத்தும் செயலிக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸை மூடும் சிறு தகடு நகர்ந்திருக்கிறதா என்பதையும், வேறொரு செயலி கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். விண்டோஸின் சொந்த கேமரா செயலியில் படம் தெரிந்தால் கேமரா நலம்.

மூன்று விவரங்களை எனக்கு எழுதி அனுப்புங்கள்: இருட்டில் அடித்த எழுத்துகள் இருந்தனவா, 4101 பதிவின் நேரம் உங்கள் குறிப்போடு ஒத்துப்போனதா, கார்டு இல்லாத இரண்டு நாட்களில் திரை இருண்டதா. அவை கிடைத்தால் கார்டை வாங்க வேண்டுமா வேண்டாமா என்பதை உறுதியாகச் சொல்லிவிடுவேன்.